சிறிய சோப்பு நிறுவனம் உறையை மாற்றுவதற்கு முன் எடைபோட வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கத்தில் 14 பேரை வைத்துக் குளியல் சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் தயாரிக்கிறீர்கள். பல கிளைகள் உள்ள ஒரு பெரிய கடை உங்கள் சரக்கை எடுக்க முன்வந்திருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் பற்றி நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, மாதக் கடைசிக்குள் நிரப்பித் தரச் சொல்கிறது. “மக்கும் பிளாஸ்டிக் உறைக்கு மாறினால் போதுமா, மாறினால் லாபம் நிற்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி உறையைப் பற்றியதாக இருந்தாலும், வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு மாற்றுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் 24 ஆண்டுகள் சோப்பு உற்பத்தியில் இருந்தவன். கடந்த ஆறு ஆண்டுகளாகச் சிறிய ஆலைகளுக்குப் போய் யோசனை சொல்லிவருகிறேன். நான் சொல்வது சோப்புக்கும் சலவைப் பொருளுக்கும்தான் பொருந்தும். மசாலா, சிற்றுண்டி போன்ற உணவுப் பொருள்களின் கணக்கு வேறு.

முதலில் அந்தப் படிவத்தைப் பற்றிய பயம் போகட்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையை ஆண்டுதோறும் தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. அடுத்த கட்டமாக, அவர்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களின் கணக்கும் படிப்படியாகக் கேட்கப்படுகிறது. பெரிய கடைகளும் நிறுவனங்களும் நம்மைப் போன்றவர்களிடம் படிவம் நீட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு வேண்டியது எண்கள்: எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு, எவ்வளவு பிளாஸ்டிக். அந்த எண்கள் உங்களுக்குத்தான் அவர்களைவிட அதிகம் தேவை. பெரும்பாலான சிறு ஆலைகளில் இவற்றில் மின்சாரம் ஒன்றுக்குத்தான் எண் இருக்கிறது, அதுவும் மின்வாரியம் அளந்து பில் அனுப்புவதால்.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை ஒரு வாரம் எடைபோடுவது. திங்கட்கிழமை காலை எண்ணெய் டிரம்களில் இருப்பு எவ்வளவு, காஸ்டிக் சோடா எத்தனை கிலோ, வாசனை எண்ணெய் எத்தனை லிட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை மறுபடியும் எழுதுங்கள். இடையில் சோப்பாகப் பெட்டியில் ஏறியது எவ்வளவு, வெட்டும்போது விழுந்த ஓரச் சீவல் எவ்வளவு, முத்திரை சரியாக விழாமல் ஒதுக்கியது எவ்வளவு, கடையிலிருந்து திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாளி வைத்துத் தராசில் ஏற்றுங்கள். எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்த பிறகு அடியில் ஒட்டியிருப்பதையும் விட்டுவிடாதீர்கள். குளிர்காலக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து டிரம்மின் சுவரில் பிடித்திருக்கும். அப்படியே காலி டிரம்மை விற்றுவிடுகிறோம். ஓர் ஆலையில் டிரம்களை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துக் கவிழ்க்கச் சொன்னேன். டிரம்முக்கு ஒரு கிலோவுக்கு மேல் எண்ணெய் இறங்கியது. அவர்கள் அதுவரை அதைக் காயலான் கடைக்காரருக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 200 கிலோ சோப்பு வார்க்கிறீர்கள், அதில் 3 சதவீதம் ஓரச் சீவலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 6 கிலோ, 25 வேலை நாளுக்கு 150 கிலோ. அது மறுபடி உருக்கிச் சேர்க்கப்பட்டால் எரிபொருளும் ஆள் கூலியும் இரண்டாம் முறை செலவாகின்றன. சேர்க்கப்படாமல் கிடந்தால் மொத்தமும் நஷ்டம். அச்சுப் பெட்டியின் அகலத்தை வெட்டும் கம்பிகளின் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும்படி மாற்றினாலே இதில் பெரும்பகுதி நின்றுவிடும். ஒரு தச்சர் இரண்டு நாளில் முடித்துத் தரும் வேலை இது. காடும் கடலும் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்வது சிலருக்குச் சின்ன விஷயமாகப் படலாம். ஆனால் ஒரு கிலோ எண்ணெய் வீணாகும்போது அதற்குப் பின்னால் இருக்கும் மரம், தண்ணீர், டீசல், உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் வீணாகின்றன. அதைத் தடுப்பதற்கு வாடிக்கையாளர் கூடுதல் விலை தர வேண்டியதில்லை, யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

அடுத்தது கழுவும் தண்ணீர். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கலக்கும் தொட்டியைக் கழுவிய பால் நிறத் தண்ணீரைப் பின்பக்கத் தென்னை மரங்களுக்கு விட்டோம். “தண்ணீர் வீணாகவில்லை” என்று எங்களுக்கு அதில் திருப்தி. இரண்டு ஆண்டுகளில் மரத்தடி மண் சிமெண்ட் போல இறுகியது, ஓலை மஞ்சளாயிற்று. சோப்புத் தண்ணீரில் இருப்பது சோடியம். அது மண்ணில் சேரச் சேர மண்ணின் கட்டமைப்பு கெட்டு, நீர் உள்ளே இறங்காது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியவில்லை. சரியான வழி எளிது. தொட்டியைக் கழுவுவதற்கு முன் ரப்பர் சுரண்டியால் வழித்தெடுத்து அடுத்த கலவையில் சேர்த்துவிட வேண்டும். முதல் கழுவலைத் தனிக் கலனில் பிடித்துவைத்தால், அதே வகைச் சோப்பின் அடுத்த கலவையில் காஸ்டிக் கரைக்கும் தண்ணீரின் ஒரு பகுதியாகப் பயன்படுத்தலாம். ஆனால் கலவையின் கணக்கு மாறிவிடும் என்பதால், உங்கள் கெமிஸ்ட் சோதித்துப் பார்த்த பிறகுதான். மிச்சத்தை நடுநிலைப்படுத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் இசைவாணையில் சொல்லியிருக்கும் முறைப்படி வெளியேற்றுங்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். சோப்பில் இதுதான் கனமான பகுதி, செலவிலும் சுற்றுச்சூழல் சுமையிலும். உங்களைச் சுற்றிக் கொப்பரைக் களங்கள் இருப்பது பெரிய அனுகூலம். எந்தக் களத்திலிருந்து வருகிறது, கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டார்களா, வெயிலில் மட்டும் காய்ந்ததா என்று நேரில் போய்ப் பார்த்துவிடலாம். பாமாயிலில் இது முடியாது. அது இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பது உங்கள் கையில் இருக்கும் பில்லில் இருக்காது. பாமாயிலுக்காக மழைக்காடுகள் அழிக்கப்பட்டன என்பதில் சந்தேகமில்லை. அதனால் பாமாயிலை அறவே விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறுவதுதான் நல்லது என்று பலர் சொல்கிறார்கள். இதில் எனக்கு உறுதி கிடையாது. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை தரும் எண்ணெய், தென்னை தருவதைப் போலப் பல மடங்கு. எல்லோரும் தென்னைக்கு மாறினால் இன்னும் அதிக நிலம் வேண்டும். தவிர, வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு நன்றாக நுரைத்தாலும் சிலருக்குத் தோலை வறட்டும். காட்டுக்குக் கேடில்லாத பாமாயிலுக்காக 2004இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ. என்ற வட்டமேசை அமைப்பின் சான்று பெற்ற பாமாயில் கிடைக்கிறது. ஆண்டுக்கு 500 டன்னுக்குக் குறைவாக வாங்குபவர்கள் சேரத் தனிப் பிரிவும் அதில் உண்டு. ஆனால் “மாஸ் பேலன்ஸ்” என்ற வகையில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் தொட்டியில் கலந்துதான் வரும், கணக்கு மட்டும் தனி. அதை வாங்கிவிட்டு “எங்கள் சோப்பில் காடழிப்பு இல்லை” என்று எழுதுவது நேர்மையாகாது.

தேங்காயிலும் கவலை இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈயும், கேரளா வாடல் நோயும் தென்னையைப் படுத்தும் பாட்டை நீங்கள் என்னைவிட அருகில் இருந்து பார்க்கிறீர்கள். 2025இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய வேகத்தில் நான் அறிந்த இரண்டு சிறு ஆலைகள் உற்பத்தியைப் பாதியாக்கின. உங்கள் தொழில் பத்து ஆண்டு கழித்தும் நிற்க வேண்டும் என்றால் அந்தத் தோப்புகள் நிற்க வேண்டும். ஆகவே ஒரே வியாபாரியிடம் நாள் விலைக்கு வாங்குவதைவிட, நான்கைந்து விவசாயிகளோடு ஆண்டு முழுவதும் எடுப்பதாகப் பேசி, பணத்தை நாள் தவறாமல் கொடுப்பது நல்லது. படிவத்தில் “பொறுப்பான கொள்முதல்” என்று ஒரு கட்டம் இருக்கும். விவசாயிகளின் பட்டியலும் பணம் கொடுத்த தேதிகளும் அந்தக் கட்டத்துக்குப் போதுமான பதில்.

சோப்பு எத்தனை நாள் உழைக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். ஈரமான சோப்புப் பெட்டியில் அடிப்பக்கம் கூழாகிக் கரைந்து ஓடும் சோப்பை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். வாங்கியவரின் காசும் நீங்கள் போட்ட எண்ணெயும் சேர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. கொதிக்கவைக்காமல் குளிர் முறையில் செய்த சோப்பை வெட்டிய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டத்தில் அடுக்கி உலரவிட்டால் ஈரம் வற்றி இறுகும், மெதுவாகக் கரையும். ஆர்டர் நெருக்கும்போது எல்லோரும் இந்த நாள்களில்தான் கை வைக்கிறார்கள். ஒரே எடையுள்ள இரண்டு சோப்புகளை, பத்து நாளில் உறையிட்டது ஒன்று, ஆறு வாரம் உலர்ந்தது ஒன்று என எடுத்து உங்கள் வீட்டிலேயே பயன்படுத்தி, தினமும் இரவில் எடைபோட்டுப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்தத் தாள் உங்கள் உற்பத்தி மேலாளரை நம்பவைக்கும். யூனிலீவர் போன்ற பெரிய நிறுவனமே 2010இல் திட்டம் போட்டு ஆராய்ந்தபோது, தன் பொருள்களின் கரியமிலச் சுமையில் பெரும்பங்கு வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீரைச் சூடாக்குவதில் இருப்பதைக் கண்டது. அதை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. ஆனால் சீக்கிரம் அலசிப் போகும் பாத்திரத் திரவத்தைச் செய்வது நம் கையில் இருக்கிறது. நுரை அதிகம் கேட்கிறார்கள் என்று நுரைப்பானைக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இன்னொரு குவளைத் தண்ணீர் செலவாகும்.

இப்போது உறை. மக்கும் பிளாஸ்டிக்கிற்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. சந்தையில் கிடைக்கும் அந்த வகை பெரும்பாலும் சுமார் 58 டிகிரி வெப்பம் வாரக்கணக்கில் நிலைக்கும் உரக் கூடங்களில் மக்கும்படி சோதிக்கப்பட்டது. குப்பைமேட்டிலும் வாய்க்காலிலும் அந்த வெப்பம் கிடையாது. சாதாரண பிளாஸ்டிக்கோடு கலந்துவிட்டால் மறுசுழற்சி செய்பவருக்கும் தொல்லை. அதை விற்கவும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். உறையைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். காலி உறை, காலி பாட்டில், மூடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்கள் ஊர்க் காயலான் கடைக்கு எடுத்துப் போங்கள். எதை எடைபோட்டுக் காசு கொடுக்கிறார், எதை ஒதுக்கித் தள்ளுகிறார் என்று பாருங்கள். ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளைப் பாட்டிலை எடுத்துக்கொள்வார். அட்டையை எடுத்துக்கொள்வார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பளபளப்பு உறையைத் தொடமாட்டார். அவர் தொடாதது எரிக்கப்படும், அல்லது மண்ணில் கிடக்கும். நம் ஊர்களில் இதுதான் நடைமுறை.

அதற்காகப் பிளாஸ்டிக் பூச்சில்லாத வெறும் காகிதத்துக்கு ஒரே நாளில் தாவிவிடாதீர்கள். நான் யோசனை சொன்ன ஓர் ஆலை என் பேச்சைக் கேட்டு ஐப்பசியில் மாறியது. சோப்பில் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். கடலோரக் கடைகளில் சோப்பு வியர்த்து, காகிதம் ஒட்டி, மை கரைந்து, பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பியது. உறையில் மிச்சம் பிடித்த பிளாஸ்டிக்கைப் போலப் பல மடங்கு சோப்பு பாழானது. தவறு என்னுடையது. மழைக்காலத்தில் நூறு சோப்பை நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு முழுதாக உலர்ந்த சோப்பை கிளாசின் என்ற வழவழப்பான, அடர்த்தியான காகிதத்தில் சுற்றி மெல்லிய அட்டைப்பெட்டியில் வைத்தோம். நின்றது. உறைச் செலவு கொஞ்சம் கூடியது. ஓரச் சீவலிலும் டிரம்மிலும் மிச்சம் பிடித்த பணம் அதற்கு ஈடுகொடுத்தது. எடைபோடுவதை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாத்திரத் திரவத்தின் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை நிறுத்தினால் கிராமத்து விற்பனை போய்விடும் என்கிறீர்கள். உங்கள் கவலை நியாயம். சாஷே இந்தியாவெங்கும் பரவியதற்கு வித்திட்டது நம் கடலூர்தான், அவ்வூர்த் தொழில்முனைவர் சின்னிகிருஷ்ணன் கைவண்ணம். தினக்கூலி வாங்குபவருக்கும் ஷாம்பு எட்டியது அதனால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அதே குடும்பத்தின் சிக் ஷாம்பு, ஐந்து காலி சாஷேக்களைக் கடையில் கொடுத்தால் ஒரு சாஷே இலவசம் என்று ஒரு காலத்தில் அறிவித்தது. விற்பனையைப் பெருக்கச் செய்தார்கள் என்றாலும், கைக்குக் கிடைப்பது ஏதாவது இருந்தால் காலி உறையையும் மக்கள் சேர்த்துக் கொண்டுவருவார்கள் என்பதற்கு அது சாட்சி. 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் முறை வந்தபோதும் பெரும்பகுதிப் பாட்டில்கள் திரும்பின. உங்களுக்கு என் யோசனை இரண்டு. ஐந்து ரூபாய்க்குத் திரவத்துக்குப் பதிலாகச் சின்னப் பாத்திரச் சோப்பைக் காகிதத்தில் கொடுங்கள். திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதைப் பாக்கெட்டில் அடைத்து லாரியில் ஏற்றுவதே வீண். அடுத்ததாக, உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து மளிகைக் கடைகளில் மட்டும் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு முன்பணம் வைத்துத் திரும்ப வாங்கிப் பாருங்கள். சென்னைக்கு அது வேண்டாம், காலி பாட்டிலை 400 கிலோமீட்டர் திருப்பி ஓட்டுவதில் பயன் மிஞ்சாது. கண்ணாடி பாட்டிலுக்கும் இதே பதில்: கனமானது, பலமுறை திரும்பி வந்தால்தான் நல்லது. கடையில் பெரிய கலனிலிருந்து ஊற்றிக் கொடுக்க நினைத்தால் பாத்திரத் திரவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளியல் பொருள்கள் சட்டத்தில் அழகுசாதனமாக வருவதால் பிரித்து அடைக்க உரிமப் பிரச்சினை எழும்.

சட்டத்தில் உறுதியானவை இரண்டைச் சொல்லிவிடுகிறேன். விற்ற உறையின் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மேல் வைத்து 2022 பிப்ரவரியில் வந்த விதிகளில், பிராண்டு உரிமையாளர் என்ற வகையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மிகாதவை சிறு நிறுவனங்கள். நீங்கள் அதற்குள்தான் வருவீர்கள். ஆனால் உங்கள் சோப்பைப் பெரிய கடை தன் பெயரில் விற்றால் பொறுப்பு அந்தக் கடைக்குப் போகும். அப்போது உறையின் எடையை உங்களிடம் கிராம் கணக்கில் கேட்பார்கள். இன்னொன்று, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வெளியிட்ட வழிகாட்டுதல்கள். “பசுமையானது”, “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று பொதுவாக எழுதிவிட்டுப் போக முடியாது, ஆதாரம் வேண்டும். “உறை முழுவதும் காகிதம், பிளாஸ்டிக் பூச்சு இல்லை” என்று எழுதுங்கள், அதைச் சரிபார்க்கலாம். “கெமிக்கல் இல்லாத சோப்பு” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அது இல்லாமல் சோப்பே கிடையாது. உண்மையாக உழைத்துச் செய்யும் சோப்பைப் பொய் சொல்லி விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

அந்தக் காஸ்டிக்கைக் கையாளும் ஆள்களின் கண்ணாடியும் கையுறையும் ஆலையின் அந்தப் பக்கம் தொங்குகின்றனவா என்று இன்றே போய்ப் பாருங்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவையுங்கள். 14 பேர் என்றால் இ.எஸ்.ஐ. உங்களுக்குப் பொருந்தும். படிவத்தின் நான்காம் பக்கம் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை என்றால் முதலில் விலை. கருத்துக்கணிப்பில் “கூடுதலாகக் கொடுப்பேன்” என்று சொல்பவர்கள் கடை அலமாரி முன்னால் அப்படி நடந்துகொள்வதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். நகரத்துப் பரிசுக் கடைகளில் விற்கும், மளிகைக் கடையில் விற்காது. அந்த நம்பிக்கையில் முதலீடு செய்யாதீர்கள். கரியமிலக் கணக்கு இரண்டாவது. மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, டீசலில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ என்று உங்கள் ஆலைக்குள் நடப்பதை ஒரு மாலையில் கணக்கிட்டுவிடலாம். மாதம் 1200 யூனிட் ஓடினால் சுமார் 840 கிலோ. ஆனால் கொப்பரையிலிருந்தும் பாமாயிலிலிருந்தும் வரும் சுமையை இப்படிச் சொல்ல முடியாது. நிலம் முன்பு காடாக இருந்ததா என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். உங்கள் அளவுள்ள நிறுவனம் அதற்காக ஆலோசகருக்குப் பெரும்பணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சான்று ஏதாவது வேண்டும் என்றால், 2022இல் புதுப்பித்துத் தொடங்கிய மத்திய அரசின் செட் சான்றிதழில் (குறையில்லாத உற்பத்தி, சூழலுக்குக் கேடின்மை இரண்டையும் பார்த்துச் சிறு தொழில்களுக்குத் தருவது) வெண்கல நிலையிலிருந்து ஆரம்பிக்கலாம். கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதம், பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு முழுவதும் மானியம்.

படிவத்துக்கு வருவோம். மாதக் கடைசிக்குள் உங்களால் நேர்மையாக நிரப்ப முடிந்தவை மின்சாரம், டீசல், உறைகளின் எடை, ஒரு வாரக் கழிவு, கொப்பரை வந்த தோப்புகள், ஆள்களின் இ.எஸ்.ஐ. எண்கள். மற்றக் கட்டங்களில் “இன்னும் அளக்கவில்லை, இந்த மாதத்திலிருந்து அளக்கிறோம்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதியதற்காகச் சரக்கை வேண்டாம் என்று சொன்ன கொள்முதல் அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஊகித்து எழுதிய எண்ணால் மறு ஆண்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எடைபோடத் தொடங்குவதற்கு முன் தராசின் முத்திரை எந்த ஆண்டோடு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்திருந்தால் தொழிலாளர் துறையிடம் புதுப்பித்துவிட்டுத் திங்கட்கிழமை ஆரம்பியுங்கள்.